வாடை எப்போது வந்தது?

பைக் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் வாடை யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து, வண்டியைத் தாழ்வாரத்தில் ஏற்றி நிறுத்தி, ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு எல்லாரும் உட்கார்ந்த பிறகு அது மெல்ல கூடத்துக்குள் வரும். "யாருப்பா பெட்ரோலைக் கொட்டினது?" என்று பாட்டி கேட்பார். அப்பா எழுந்து போய்ப் பார்ப்பார். தரையில் ஈரமே இருக்காது. அரை மணி நேரத்தில் வாடையும் காணாமல் போய்விடும். மறுநாளும் இதே கதை.

இதைத் துப்பறியக் கிளம்பும் பலரும் முதலில் கேட்பது, "எங்கிருந்து வருகிறது?" என்றுதான். டேங்க் மூடி, டியூப், இன்ஜின் என்று ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்து பார்ப்பார்கள். எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். பழகிய மெக்கானிக் அப்படித் தொடங்க மாட்டார். "எப்ப வருது?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால், வண்டியைத் தொடாமலேயே பாதி இடங்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஓடிப்போகத் துடிக்கும் திரவம்

பெட்ரோல் ஒரே பொருளால் ஆனதில்லை. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன் சேர்மங்கள் அதில் கலந்திருக்கின்றன. பெரும்பாலும் 4 முதல் 12 கார்பன் அணுக்கள் வரை கொண்ட மூலக்கூறுகள். இவற்றில் சிறியவை 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பெரியவை கொதிக்க 200 டிகிரி வரை வேண்டும். தரையில் ஒரு சொட்டு விழுந்தால் சிறியவை உடனே காற்றில் ஏறிவிடும், மற்றவை கொஞ்சம் தாமதித்துப் பின்னால் போகும். அப்பா போய்ப் பார்க்கும்போது தரை காய்ந்திருந்ததற்கு இதுதான் காரணம். தண்ணீர் ஒழுகினால் குட்டையைப் பார்க்கலாம். பெட்ரோல் ஒழுகினால் பெரும்பாலும் வாடை மட்டும்தான் சாட்சி.

நம் மூக்கு இந்த வாடையைப் பிடிப்பதில் மிகக் கெட்டி. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு அளவுக்குப் பெட்ரோல் ஆவி கலந்திருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். அதனால் வாடை பலமாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் ஒழுகல் பெரியது என்று சொல்லிவிட முடியாது. சிறியது என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆவி கிடைக்கும். காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பற்றும். அப்படியென்றால் அந்த ஒரு தேக்கரண்டி, நான்கைந்து குடம் கொள்ளும் அளவுள்ள காற்றைத் தீப்பிடிக்கத் தயாரான காற்றாக மாற்றிவிடும்.

அந்த ஆவி எங்கே போகிறது என்பது இன்னும் முக்கியம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. சமையல் வாசனைபோல மேலே எழும்பிப் போகாது. தரையோடு தரையாக நகர்ந்து, வாசற்படி தாண்டி, பள்ளமான மூலையில் போய்த் தங்கும். நிலைவாசலில் சாயங்காலம் ஏற்றி வைக்கும் விளக்கு இருப்பதும் தரையில்தான். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் பெட்ரோலிலிருந்து தீப்பற்றும் அளவுக்கு ஆவி வரும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே, இந்தத் துப்பறிதலில் உங்கள் பங்கு கண், காது, நோட்டுப் புத்தகம் ஆகியவற்றோடு சரி. டேப்பைத் திருப்புவது, டியூப்பைக் கழற்றுவது எல்லாம் பெரியவர்கள் வேலை. வாடை பலமாக இருந்தால் முதலில் எரியும் எண்ணெய் விளக்கை அணைத்து, கதவு சன்னல்களைத் திறந்து, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வெளியே தள்ளச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மின்சார சுவிட்சைப் போடவோ அணைக்கவோ வேண்டாம். உள்ளே தெறிக்கும் சிறு பொறியே போதும். "எனக்குப் பெட்ரோல் வாசனை பிடிக்கும்" என்று பெட்ரோல் பங்கில் மூச்சை இழுக்கும் நண்பர்கள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மூக்கு சோர்ந்துவிடும்

வண்டி ஓட்டியவரைவிடப் பாட்டிதான் நல்ல சாட்சி. ஏன் தெரியுமா? ஒரே வாடை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களில் மூக்கும் மூளையும் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று தேடுபவருக்கு, தேடத் தேட வாடை குறைவதுபோலத் தோன்றும். உண்மையில் குறைந்திருக்காது. தெருவில் கொஞ்ச நேரம் நின்று நல்ல காற்றை வாங்கிவிட்டுத் திரும்பி வந்தால் மறுபடியும் தெரியும்.

இன்னொன்று, ஓடும் வண்டியில் காற்று எல்லாவற்றையும் பின்னால் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. வழி நெடுக ஒழுகிக்கொண்டே வந்திருந்தாலும் ஓட்டியவருக்குத் தெரிந்திருக்காது. "ஓட்டும்போது ஒண்ணுமில்லை, நிறுத்தினப்பதான் ஆரம்பிச்சது" என்று அவர் சொன்னால் அதைப் பாதி மட்டும் நம்பலாம்.

மூக்கை இவ்வளவுதான் நம்ப முடியும். கடிகாரத்தைத் தாராளமாக நம்பலாம். நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: வண்டி எப்போது நின்றது, வாடை எப்போது தெரிந்தது, எப்போது போனது. பெட்ரோல் போட்ட நாள் என்றால் அதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் எழுதினால் போதும்.

நின்றவுடன் சூடாகும் கார்புரேட்டர்

முதலில், நிறுத்திய சில நிமிடங்களில் வந்து, கால் மணி அரை மணி நேரத்தில் போய்விடும் வாடை.

சாதாரண பைக் இன்ஜினைச் சுற்றித் தகடு தகடாக உலோகம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓடும்போது எதிர்க்காற்று அந்தத் தகடுகளுக்கு இடையில் புகுந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வண்டியை நிறுத்தினால் இன்ஜினும் நிற்கும், காற்றும் நிற்கும். சூடு மட்டும் அங்கேயே இருக்கும். 100 டிகிரிக்கும் மேல் கொதித்துக் கிடக்கும் உலோகம் அக்கம்பக்கத்துப் பாகங்களுக்குச் சூட்டைக் கடத்தத் தொடங்கும். அதற்குச் சில சென்டிமீட்டர் தள்ளித்தான், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் இருக்கிறது. அதன் அடியில் உள்ள சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் தேங்கியிருக்கும். ஓடிக்கொண்டிருந்தவரை புதிய பெட்ரோலும் வெளிக்காற்றும் அந்தக் கிண்ணத்தைக் குளிர்ச்சியாக வைத்திருந்தன. இப்போது இரண்டும் இல்லை. வண்டி நின்ற பிறகுதான் கார்புரேட்டர் அதிகமாகச் சூடாகிறது! 40 டிகிரியைத் தாண்டியதும் பெட்ரோலில் உள்ள சிறிய மூலக்கூறுகள் கொதித்து, கிண்ணத்தின் மூச்சுக்குழாய் வழியாக வெளியே வருகின்றன.

கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் இந்த வாடை லேசாக வந்து போவது இயல்புதான். இன்ஜின் ஆறியதும் நின்றுவிட வேண்டும். மணிக்கணக்கில் நிற்கிறது என்றாலோ, ஒவ்வொரு வாரமும் கூடிக்கொண்டே போகிறது என்றாலோ, காரணம் சூடு மட்டும் இல்லை.

ஆவியாகும் குணத்தைத் திட்டுவதும் நியாயமில்லை. மோட்டார் வண்டியே அதை நம்பித்தான் பிறந்தது. 1885இல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் செய்த முதல் மோட்டார் சைக்கிளில் பெட்ரோலைத் தெளிக்கும் ஏற்பாடு கிடையாது. பெட்ரோலின் மேற்பரப்பில் எழும்பும் ஆவியோடு காற்றைக் கலந்து இன்ஜினுக்குள் இழுத்தார்கள். நுண்துளை வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டர் 1893 வாக்கில்தான் வந்தது. இடையில் 1888ஆம் ஆண்டு பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் செய்த மோட்டார் வண்டியில் தன் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் போனார். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டதாம். தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி அதைச் சரிசெய்தார் என்று சொல்கிறார்கள். எரிபொருள் பிரச்சினையைச் சாலையில் நின்றே கண்டுபிடித்த முதல் ஆட்களில் ஒருவர் அவர். எனக்கு மிகவும் பிடித்த மெக்கானிக்.

காலையில் வரும் வாடை

அடுத்தது, வண்டி நன்றாக ஆறிய பிறகும் வரும் வாடை. ராத்திரி நிறுத்தி, காலையில் கதவைத் திறந்தால் குப்பென்று அடிப்பது. இங்கே சூட்டின் மேல் பழி போட முடியாது. இன்ஜின் எப்போதோ ஆறிவிட்டது.

பைக்கில் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. நடுவில் பம்ப் எதுவும் இல்லை, பெட்ரோல் தன் எடையாலேயே இறங்குகிறது. இரவு முழுவதும் அது கீழே இறங்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். தடுத்து நிறுத்துவது கிண்ணத்தில் உள்ள மிதவை. உங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பால் வால்வு இருக்கிறதா? தண்ணீர் ஏற ஏற உருண்டை மிதந்து மேலே வந்து குழாயை அடைக்குமே, அதே வேலைதான். இங்கே மிதவை மேலே வரும்போது கூரான ஒரு ஊசியைத் தள்ளித் துவாரத்தை அடைக்கிறது. தொட்டியில் பால் வால்வு சரியாக மூடாவிட்டால் தண்ணீர் வழிந்து சுவரெல்லாம் நனையும். கிண்ணத்தில் ஊசி சரியாக அமராவிட்டால் பெட்ரோல் வழிகுழாய் வழியாகச் சொட்டும். கண்ணுக்கே தெரியாத ஒரு தூசி ஊசி முனையில் உட்கார்ந்தாலும் போதும். பல வருடம் ஓடிய வண்டியில் ஊசியின் முனை தேய்ந்து வளையமாகத் தடம் விழுந்திருக்கும்.

ஆனால் ஊசிதான் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? டேங்கின் அடியில் ஒரு டேப் இருக்கிறது. ஆன், ரிசர்வ், ஆஃப் என்று மூன்று நிலை. ஒரு பட்டறையில் நடக்கக்கூடிய பேச்சைக் கேளுங்கள்.

"அண்ணே, காலையில எழுந்தா வண்டிகிட்ட பெட்ரோல் வாடை அடிக்குது."

"ராத்திரி டேப்பை யாரு மூடுறது?"

"யாரும் மூடுறதில்லண்ணே. எப்பவும் ஆன்லதான் கிடக்கும்."

"அப்ப இன்னிக்கு ராத்திரி அப்பாவை மூடச் சொல்லு பாப்பா. காலையில வாடை வருதா இல்லையான்னு மட்டும் வந்து சொல்லு. வண்டி வேணாம்."

அந்த அண்ணன் ஆய்வகத்துக்குப் போயிருக்க மாட்டார். ஆனாலும் அவர் சொன்னது சுத்தமான அறிவியல் சோதனை. அதே வண்டி, அதே இடம், அதே இரவு நேரம். டேப் ஒன்றை மட்டும் மாற்றுகிறார். மூடிய பிறகு வாடை நின்றுவிட்டால், தப்பு டேப்புக்குக் கீழே: டியூப், அதன் கிளிப், கார்புரேட்டர். மூடிய பிறகும் வந்தால் டேப்பிலோ அதற்கு மேலேயோ தேட வேண்டும்: டேப்பின் வாஷர், அது டேங்கோடு சேரும் இடம், டேங்கின் பற்றவைத்த ஓரம், மூடி. ஒரு ராத்திரியில் வண்டி இரண்டாகப் பிரிந்துவிட்டது பாருங்கள். ஒரே நாளில் டேப்பையும் மூடி, வண்டியையும் வெளியே நிறுத்தி, மூடியையும் மாற்றிவிட்டால் வாடை நிற்கலாம். எதனால் நின்றது என்பது மட்டும் தெரியாமலே போகும்.

ஒரு எச்சரிக்கை. டேப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால், ஆஃப் என்று வைத்தாலும் பெட்ரோல் மெதுவாகக் கசிந்து இறங்கும். மூடிய பிறகும் வாடை வந்தால் மெக்கானிக் முதலில் டேப்பைத்தான் சந்தேகப்படுவார். சில வண்டிகளில் இன்ஜின் இழுக்கும் காற்றின் பலத்தால் திறந்து, இன்ஜின் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் டேப் உண்டு. அதில் ஆஃப் இல்லாமலும் இருக்கலாம். அந்த வண்டிகளில் இந்தச் சோதனையை மெக்கானிக்தான் வேறு விதமாகச் செய்ய வேண்டும்.

இரவில் வண்டிக்கு அடியில் வெள்ளைக் காகிதம் அல்லது சுத்தமான அட்டை ஒன்றை விரித்து வைப்பதும் உதவும். பெட்ரோல் பறந்துவிட்டாலும் அழுக்கை இழுத்துக்கொண்டு வந்து வட்டமாகத் தடம் விட்டிருக்கும். வட்டத்துக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பார்த்தவுடன் அதுதான் ஒழுகும் இடம் என்று முடிவுகட்ட வேண்டாம். திரவம் டியூப்பின் வெளிப்புறமாக வழிந்து, இன்ஜினின் மேல் ஊர்ந்து, மிகத் தாழ்வான மூலைக்கு வந்த பிறகுதான் சொட்டும். வண்டி முழுக்கத் தூசி படிந்திருக்க ஒரு கோடு மட்டும் கழுவிவிட்டாற்போலச் சுத்தமாக இருக்கும், அல்லது மஞ்சள் பழுப்பாகக் கறை படிந்திருக்கும். பெட்ரோல் காய்ந்த பிறகு மிஞ்சும் பிசின்தான் அந்தக் கறை. கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே மேலே ஏறுங்கள். அது தொடங்கும் உச்சிதான் நமக்கு வேண்டும். அதனால், துப்பறிந்து முடியும்வரை வண்டியைக் கழுவ வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். தடயம் போய்விடும்.

அந்தக் கோடு பல வண்டிகளில் ரப்பர் டியூப்பில்தான் தொடங்கும். ரப்பர் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் வருடக்கணக்கில் கிடந்து விறைத்துப்போய், கிளிப் போட்ட இடத்தில் மயிரிழை போல வெடிக்கும். இப்போது நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டிகளின் சில வகை ரப்பர்கள் எத்தனாலுக்கு ஏற்றவை அல்ல. உப்பிப்போகும் அல்லது வெடிக்கும். டியூப் விலை அதிகமில்லை. வெடித்ததை வெட்டி ஒட்டிப் பயன்படுத்துவதைப் போன்ற கஞ்சத்தனம் வேறில்லை.

பெட்ரோல் போட்ட நாளில் மட்டும்

நோட்டைப் புரட்டும்போது, பங்குக்குப் போன நாட்களில் மட்டும் வாடை வந்திருக்கிறது என்று தெரிந்தால் விஷயம் சுலபம். பங்கில் பெட்ரோல் பூமிக்கு அடியில் உள்ள தொட்டியில் இருக்கிறது. வெளியில் வெயில் கொளுத்தினாலும் அங்கே அவ்வளவு சூடு இல்லை. அதைக் கழுத்துவரை நிரப்பி வந்து வெயிலில் நிறுத்தினால், சூடேற ஏறப் பெட்ரோல் விரியும். 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் சுமார் 190 மில்லி கூடும். ஒரு டம்ளர் அளவு. அதற்கு டேங்கில் இடம் இல்லாவிட்டால் எங்கே போகும்? மூடியில் உள்ள காற்றுத் துளை வழியாகத்தான். பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போக வேண்டும் என்பதற்காகவே அந்தத் துளை வைத்திருக்கிறார்கள். அடைத்துவிடலாமே என்று கேட்காதீர்கள், அடைத்தால் போகிற வழியில் இன்ஜின் நின்றுவிடும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினால் நிரம்பிய டேங்கில் பெட்ரோல் ஒருபக்கமாகச் சாய்ந்து மூடியை எட்டிப் பார்க்கும். கொஞ்சம் குறைத்துப் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

இன்ஜின் ஓடும்போது சைலன்சர் பக்கமிருந்து வருகிற வாடை வேறு வகை. அது ஒழுகல் இல்லை, எரியாமல் வெளியே வரும் பெட்ரோல். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஏர் ஃபில்டர் புழுதியால் அடைத்திருந்தாலோ, காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தவர் திரும்பத் தள்ள மறந்திருந்தாலோ காற்றின் பங்கு குறைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரிபிடித்துக் கறுத்திருக்கும்.

கார்புரேட்டரே இல்லாத வண்டி

2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, நம் நாட்டில் விற்கும் புதிய பைக்குகளில் பெரும்பாலானவை கார்புரேட்டரைக் கைவிட்டுவிட்டன. இவற்றில் டேங்குக்குள்ளேயே ஒரு மின்சார பம்ப் இருக்கிறது. சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தத்தில் அது பெட்ரோலை, இன்ஜினுக்குத் தெளித்துக் கொடுக்கும் இன்ஜெக்டருக்குத் தள்ளுகிறது. மிதவை இல்லை, ஊசி இல்லை, திருப்பும் டேப்பும் இல்லை. ஆகவே நம் ராத்திரிச் சோதனை இங்கே செல்லாது. பம்ப் சாவியைப் போட்டால்தான் இயங்கும். குழாயில் வெடிப்பு இருந்தால் சொட்டாது, பீய்ச்சும். புதிய வண்டியில் சாவி போட்டவுடன் வாடை எழுந்தால் உடனே சாவியை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

புதிய வண்டிகளில் இன்னொரு சின்ன டப்பாவும் உண்டு. அதற்குள் நிறையச் செயலூட்டிய கரித்தூள். அந்தக் கரியில் எண்ணற்ற நுண்துளைகள் இருக்கின்றன. ஒரே கிராம் கரியின் உட்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் 500 சதுர மீட்டரைத் தாண்டும். டேங்கிலிருந்து கிளம்பும் ஆவி காற்றில் கலக்காமல் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை ஓடும்போது இன்ஜின் அதைக் காற்றோடு உறிஞ்சி எரித்துவிடும். மிக அழகான ஏற்பாடு. ஆவியைப் பிடிக்கத்தான் அது தெரியும், திரவத்தை அல்ல. டேங்கை வாய்வரை நிரப்பினால் பெட்ரோலே அந்தக் குழாய் வழியாக இறங்கிக் கரியை நனைத்துவிடும். பிறகு வாரக்கணக்கில் வாடை அடிக்கும்.

பழைய வண்டிக்கே திரும்பினால், சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மேலே பார்த்த ஊசி ஒழுகும்போது வழிகுழாயும் அழுக்கால் அடைத்திருந்தால் என்ன ஆகும்? தரையில் சொட்டாது, காகிதம் சுத்தமாக இருக்கும். நிரம்பிய கிண்ணத்திலிருந்து பெட்ரோல் இன்ஜினின் காற்று வழிக்குள் புகுந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள இடுக்கில் இறங்கி, கீழே இருக்கும் இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். டேங்கில் பெட்ரோல் குறைகிறது, எங்கும் ஈரமில்லை, வாடை மட்டும் லேசாக வருகிறது என்றால் அப்பாவை ஆயில் அளக்கும் குச்சியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் தானாக அளவு கூடாது. குச்சியில் கோட்டுக்கு மேல் ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போய்விடும், உரசும் உலோகங்களுக்கு இடையில் தாங்கி நிற்காது. சில நேரம் கிக்கரை மிதித்தால் பாதியிலேயே கல்போல நின்றுவிடும். பிஸ்டனுக்கு மேலே பெட்ரோல் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். ஆவியை நசுக்கலாம், திரவத்தை நசுக்க முடியாது. அப்போது வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, ஊசியையும் மாற்றிய பிறகே சாவி போட வேண்டும்.